வெறுங்கையோடு இறங்கிய அந்தோனியார்

காலை ஐந்தே முக்கால் மணி. ரோசம்மா சின்னம்மா கோயில் கதவைத் திறந்து விளக்கைப் போட்டதும் என் கண்ணில் முதலில் பட்டது ஓர் இரும்பு முளை. விரல் நீளம் இருக்கும். புனித அந்தோனியார் சிலையின் இடது கையிலிருந்த புத்தகத்தின் நடுவிலிருந்து, துருப்பிடித்து, மேல்நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. அந்தப் புத்தகத்தின்மேல் உட்கார்ந்திருக்க வேண்டிய குழந்தை இயேசுவைக் காணவில்லை. அவரும் குழந்தையும் ஒரே கட்டியில் வார்க்கப்பட்டவர்கள் என்றுதான் அன்றுவரை நினைத்திருந்தேன்.

சின்னம்மா கத்தவில்லை. முளையைத் தொட்டுப் பார்த்தார், விரலில் ஒட்டிய துருவைச் சேலையில் துடைத்தார், "செஞ்சேபுட்டாளே பாவி" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பி, "நீ ஒண்ணும் பாக்கல, வெளங்குதா?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. வீட்டுக்குப் போய் அலுமாரியைத் திறந்தபோது விளங்கியது.

கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பாதையில் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மேற்கணக்கில், அதாவது மேல் பிரிவில், ஒற்றையறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டியிருக்கும் எங்கள் லயம் இருந்தது. கோயிலைப் பார்த்துக்கொண்ட ரோசம்மா சின்னம்மா எங்களுக்கு உறவில்லை, பக்கத்துக் காம்பராக்காரி. நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் செவ்வாய்க்கிழமை என்றால் அந்தோனியாரிடம் போவது லயத்தில் எல்லோருக்கும் வழக்கம். தாலிக்கொடி தொலைந்தாலும் மாடு தொலைந்தாலும் அவரிடம் சொன்னால் கிடைத்துவிடும் என்பார்கள். கிடைத்தவர்கள் பாண் ரொட்டி வாங்கி, துண்டு துண்டாக வெட்டி, கோயில் வாசலில் நிற்பவர்களுக்குக் கொடுப்பார்கள். இதற்காக யாரும் மதம் மாறியதில்லை, மாறச் சொன்னதுமில்லை.

அந்த வருடம் எங்கள் வீட்டில் தொலைந்தது அண்ணன். சந்திரன் என்று பெயர். கண்டியில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்து, கடைக்காரர் ஒழுங்கு செய்த அறையில் தங்கியிருந்தார். அவசரகாலச் சட்டம் நடைமுறையிலிருந்த காலம். ஒரு விடிகாலையில் அந்தத் தெருவைச் "சுற்றிவளைத்து", தமிழ்ப் பொடியன்கள் சிலரை ஏற்றிக்கொண்டு போனார்கள். மற்றவர்கள் அன்று மாலையே திரும்பிவிட்டார்கள். அண்ணன் திரும்பவில்லை. அம்மாவும் அப்பாவும் ஒவ்வொரு பொலிஸ் நிலையமாக ஏறி இறங்கினார்கள். எங்கே போனாலும் பதில் ஒன்றுதான்: அப்படி ஒருவர் இங்கே இல்லை.

அம்மா செவ்வாய்க்கிழமைகளில் கோயிலில் அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துப் பொறுக்க முடியாமல்தான் சின்னம்மா அந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். இளவயதில் அவர் கண்டியில் ஒரு பறங்கியர் வீட்டில் ஆயாவாக இருந்தவர். அந்த வீட்டு எஜமானியான நோனாவின் மகளுக்குக் கலியாணம் தள்ளிக்கொண்டே போனதாம். நோனா ஒருநாள் வீட்டிலிருந்த சாண் உயர அந்தோனியார் சுரூபத்தின் கையிலிருந்து குழந்தையைக் கழற்றி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினாராம். மாப்பிள்ளை வந்தால்தான் குழந்தை வரும் என்று சொல்லிவிட்டாராம். "பிள்ளையக் காணம்னா மனுசன் சும்மா இருப்பாரா? ஓட்டமா ஓடித் தேடுனாரு" என்று சிரித்துக்கொண்டேதான் சின்னம்மா சொன்னார். அம்மா சிரிக்கவில்லை.

இது அந்த நோனாவின் கண்டுபிடிப்பு அல்ல என்று பல வருடங்கள் கழித்துத் தெரிந்துகொண்டேன். போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் பெண்கள் அந்தோனியாரைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைப்பார்கள், தலைகீழாகக் கிணற்றுக்குள் தொங்கவிடுவார்கள், கையிலிருக்கும் குழந்தையைப் பிடுங்கிக்கொள்வார்கள். கேட்டது கிடைத்ததும் எல்லாவற்றையும் பழையபடி வைத்துவிடுவார்கள். அவருடைய மிகப் பழைய படங்களில் குழந்தையே கிடையாது. புத்தகமும் தீச்சுடரும் மட்டும்தான். அவருக்குத் தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரர் கதவிடுக்கு வழியாகப் பார்த்தபோது அவர் கையில் ஒளிவீசும் குழந்தை ஒன்று இருந்தது என்ற கதை பரவிய பிறகே ஓவியர்கள் குழந்தையை வரையத் தொடங்கினார்கள். சில ஓவியங்களில் குழந்தை இன்னும் மேகத்தில்தான் இருக்கும். அவர் முழந்தாளிட்டு இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டிருப்பார். எங்கள் கோயில் சுரூபம் அப்படி ஏதோ ஒரு நாட்டிலிருந்து, வெள்ளைக்காரச் சாமியார் ஒருவர் காலத்தில், மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வந்ததாகச் சொல்வார்கள். குழந்தையைத் தனியாகச் சுற்றியிருந்தார்களாம். முளை அதற்காகத்தான்.

அலுமாரியின் கீழ்த்தட்டில், அண்ணனின் நீலச் சட்டைக்குள், குழந்தை மல்லாந்து கிடந்தது. இரண்டு கைகளையும் விரித்திருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன டம்ளரில் பால்.

"வேற வீட்டுப் புள்ள. பட்டினி போடக் கூடாது" என்றார் அம்மா. அதைச் சொன்னபோது முகத்தில் எந்த மாற்றமும் இல்லை.

அப்பா தொழிற்சாலையிலிருந்து வந்து அதைப் பார்த்ததும் வாசல் கதவைச் சாத்தினார். "ஏற்கனவே நம்ம காம்பரா மேல ஒரு கண்ணு வச்சிருக்கான் பொலிஸ்காரன். இப்ப கோயில் சாமானையும் கொண்டாந்து வச்சிருக்கியே, உனக்குப் பைத்தியமா லெச்சுமி?"

"சாமான் இல்ல. புள்ள."

அன்று முதல் வெளியே எந்த வாகனச் சத்தம் கேட்டாலும் அப்பாவின் பார்வை அலுமாரிக்குப் போய்த் திரும்பும். எனக்கும் அந்தப் பழக்கம் தொற்றிக்கொண்டது.

ஜூன் மாதத் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. குழந்தை காணாமல்போனதை லயம் முழுக்க அறிந்துகொள்ள ஒரு பகல் போதுமாயிருந்தது. அம்மாவை யாரும் நினைக்கவில்லை. டேவிட் மாமாவை நினைத்தார்கள். முன்பு திருவிழாச் சப்பரம் தூக்கியவர் அவர். பிறகு பெந்தெகோஸ்தே "சபை"யில் சேர்ந்து, சுரூபத்தைக் கும்பிடுவது பாவம் என்று பேசிக்கொண்டிருந்தார். முதலில் அவருடைய கூரைத் தகரத்தில் கல் விழுந்தது. அடுத்த நாள் அவருடைய மகளைப் பீலிக்கரையில் தண்ணீர் பிடிக்க விடவில்லை. சனிக்கிழமை பின்னேரம், மழை விட்ட நேரத்தில், ஆண்கள் சிலர் அவரைக் கோயில் முற்றத்துக்கு இழுத்து வந்தார்கள். அவருடைய சட்டையில் இரண்டு பொத்தான்கள் இல்லை.

திருவிழாவை நடத்துகிற உபதேசியார் படியில் நின்றுகொண்டிருந்தார். "உண்மையச் சொல்லு டேவிட்டு. சுரூபத்தக் கும்பிடாதேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியிறது நீதானே?"

"கும்பிடாதேன்னுதான் சொன்னேன். களவெடுன்னு சொல்லலியே."

"அல்லேலூயான்னு கத்துற தொண்டையில ஒரு உண்மை வரமாட்டேங்குதே" என்றார் பின்னாலிருந்த ஒருவர். சிலர் சிரித்தார்கள். ஒருவர் கையில் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. அவர் வேலையிலிருந்து நேராக வந்தவர், ஆனாலும் கத்தியைக் கீழே வைக்கவில்லை.

உபதேசியார் சொன்னார்: "அடிதடி வேணாம். பொலிஸ்ல என்ட்ரி போடுவோம். அவங்க வந்து காம்பரா காம்பராவாத் தேடட்டும்."

அப்பா என் தோளைப் பிடித்திருந்தார். அந்தப் பிடி இறுகியது. அம்மா கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, பெண்கள் கூட்டத்தின் ஓரத்தில், இடுப்பில் சுற்றிய சாக்குப் படங்குச் சேலையோடு நின்றிருந்தார். அப்பா அவரைப் பார்த்துத் தலையசைத்தார்: பேசாதே.

"அந்த மனுசன விடுங்க" என்றார் அம்மா. "புள்ள எங்கிட்டதான் இருக்கு."

டேவிட் மாமா தன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நீயா?" என்றார் உபதேசியார். "போய் எடுத்துட்டு வா. நாங்க ஒண்ணும் சொல்லல."

"எம்புள்ள வந்தாத் தாறேன். நா அவர்கிட்ட சொல்லிட்டுத்தான் எடுத்தேன். ஒங்ககிட்ட இல்ல."

ரோசம்மா சின்னம்மா தலையில் அடித்துக்கொண்டார். "அடியே, அது வீட்டுல வச்சிருக்கிற சின்னச் சுரூபத்துக்குச் செய்யிறதுடி! கோயில் சுரூபத்துல யாராச்சும் கைவைப்பாங்களா?"

"எங்க வீட்டுல ஏது அந்தோனியாரு? இருக்கிறவர்கிட்டதானே கேக்க முடியும்?"

உபதேசியார் லயத்தின் பக்கம் கையைக் காட்டினார். இரண்டு பேர் எங்கள் லயத்தை நோக்கி நடந்தார்கள். அப்போது பெண்கள் அசைந்தார்கள். யாரும் சொல்லி வைத்ததாகத் தெரியவில்லை. படங்குச் சேலையோடு நின்றவர்கள் பாதையில் போய்க் குறுக்கே நின்றார்கள், அவ்வளவுதான். ரோசம்மா சின்னம்மாவும் போய் நின்றார். "அவ காம்பராவுல கால வச்சீங்கன்னா, சப்பரத்துக்குப் பின்னால ஒரு பொம்பள வரமாட்டா. நீங்களே பாடிக்கிட்டுப் போங்க." டேவிட் மாமா அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில், கொஞ்சம் தள்ளி நின்றார். சுரூபத்தைப் பற்றித் தன் கருத்தை அவர் அன்றும் மாற்றிக்கொள்ளவில்லை.

திருவிழா அன்று சுரூபத்தைச் சப்பரத்தில் ஏற்றினார்கள். உபதேசியார் முளை தெரியாதபடி அதில் வெள்ளைப் பூச்செண்டு ஒன்றைக் கட்டியிருந்தார். சப்பரத்தைத் தூக்கும் நேரத்தில் சின்னம்மா கையை நீட்டி அதை அவிழ்த்தெடுத்தார். "மறைச்சு வச்சா அவருக்கு எப்படி வெக்கம் வரும்?" பூசை வைக்கக் கண்டியிலிருந்து வந்திருந்த சாமியார் இதைப் பார்த்தார், பார்த்துவிட்டுச் செபத்தைத் தொடங்கினார்.

கீழே சந்தியில் பழைய கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்தில் காவலரண் இருந்தது. ஒவ்வொரு வருடமும் சப்பரம் அதுவரை போய்த் திரும்பும். தப்பு மேளம் முன்னால், பாட்டுக்காரர்கள் பின்னால், பிறகு சப்பரம், அதற்குப் பிறகு பெண்கள். தூறலில் மெழுகுவர்த்திகள் அணைந்துவிட்டன. அணைந்த மெழுகுவர்த்தியோடு நான் அம்மாவின் பக்கத்தில் நடந்தேன். அம்மா பாட்டை முணுமுணுக்கவுமில்லை. வழியில் நின்றவர்கள் முதலில் சுரூபத்தின் முகத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், பிறகு கையைப் பார்த்தார்கள், பிறகு அம்மாவைத் தேடினார்கள்.

தடுப்புக்கு முன்னால் பொலிஸ் கொஸ்தாபல் ஒருவர் நின்றார். சிங்களவர். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சுரூபத்தைக் கும்பிட்டார். தலையை நிமிர்த்தியவர் அந்த முளையைக் கண்டார். "பபா கோ?" என்றார். குழந்தை எங்கே என்று கேட்கிறார்.

தப்பு நின்றது. அடிப்பவரை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அம்மா முன்னால் போனார். அப்பா அவருடைய சேலையைப் பிடித்தார். சேலை கையிலிருந்து நழுவிப் போயிற்று. தோட்டத்துக் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பேசிப் பழகிய அரைகுறைச் சிங்களத்தில் அம்மா சொன்னார்: "பபா மா லங்க. மகே புத்தா மாத்தயலா லங்க." குழந்தை என்னிடம் இருக்கிறது, என் மகன் உங்களிடம் இருக்கிறான். பிறகு தமிழில், அவருக்குப் புரியுமா என்று பார்க்காமல், "நீங்க அத விட்டா நா இத விடுறேன்" என்றார்.

உள்ளேயிருந்து இன்னொருவர் துப்பாக்கியோடு வந்தார். உபதேசியார் கைகளைக் கூப்பிக்கொண்டு ஏதோ சொல்லத் தொடங்கினார், முடிக்கவில்லை. தூக்கியவர்களின் தோளில் சப்பரம் லேசாக ஆடியது. கொஸ்தாபல் அம்மாவின் பெயரையும் அண்ணனின் பெயரையும் கேட்டார். அம்மா சொன்னார். அவர் தொப்பியைப் போட்டுக்கொண்டு, திரும்பிப் போகும்படி கையைக் காட்டினார். ஏறும்போது யாரும் பாடவில்லை.

அன்றிரவும் மறுநாளும் யாரும் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. அடுத்த மாதம் ஆள் மூலம் செய்தி வந்தது. அண்ணன் தெற்கே ஒரு தடுப்பு முகாமில் இருக்கிறார், போய்ப் பார்க்கலாம். அப்பா உடனே குழந்தையைத் திருப்பிக் கொடுத்துவிடச் சொன்னார். "காட்டித்தான் குடுத்திருக்காரு. கையில குடுக்கல" என்று அம்மா மறுத்துவிட்டார். பால் டம்ளர் தொடர்ந்தது. அடுத்த வருடத் திருவிழாவிலும் அந்தோனியார் வெறுங்கையோடுதான் இறங்கினார். அந்த முறை யாரும் பூச்செண்டு கட்டவில்லை.

அதற்குப் பிறகே அண்ணன் விடுதலையாகி வந்தார். மெலிந்திருந்தார், கதவுப் பக்கம் முதுகைக் காட்டி உட்கார மாட்டார். அடுத்த செவ்வாய்க்கிழமை அம்மா குழந்தையைக் கழுவித் துடைத்து எடுத்துக்கொண்டு போனார். உன் கையால் வை என்று அண்ணனை அழைத்தார். அவர் கோயில் முற்றம்வரை வந்து நின்றுவிட்டார். அம்மாதான் முளையில் குழந்தையை இறக்கினார், பிறகு வாசலில் பாண் வெட்டிக் கொடுத்தார். முதல் துண்டு டேவிட் மாமாவின் மகளுக்கு.

இப்போது சங்கக்கடைக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் கைத்தொலைபேசி திருத்தும் கடையும் முச்சக்கரவண்டித் தரிப்பிடமும் இருக்கின்றன. எங்கள் லயத்தின் பாதி இடிக்கப்பட்டுவிட்டது. ரோசம்மா சின்னம்மா இல்லை. கோயிலுக்குப் புதுச் சுரூபம் வந்து, பழையது எங்கே போயிற்று என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்கிறார்கள். சப்பரம் சந்திவரை இறங்குவதில்லை, கோயிலைச் சுற்றி வருவதோடு சரி. அண்ணன் திகனவில் ஓர் இரும்புச் சாமான் கடையில் வேலை செய்கிறார். முகாமுக்கு முந்திய நாட்களைப் பற்றி அவர் பேசியதில்லை.

ஒரு தடவை மட்டும் பேசினார். அம்மாவின் கருமாதி முடிந்து உறவுக்காரர்கள் போன பின்னேரம் அது. அந்தத் திருவிழா நாளில், கூட்டத்தில் யாரையாவது அடையாளம் காட்டச் சொல்லித் தன்னைக் கொண்டுவந்திருந்தார்கள் என்றார். யாரையும் பார்த்துத் தலையாட்டவில்லை என்றார். வாகனத்தைச் சங்கக்கடைக்குப் பின்னால், சந்தி மட்டும் தெரியும்படி நிறுத்தியிருந்தார்கள். தப்பு நின்றது அவருக்குக் கேட்டது. அம்மா சொன்னதும் கேட்டது.