பொழி வெட்டிய ஞாயிறு

என் கணவருக்கு மணலில் வண்டி ஓட்டுவதில் உள்ள பெருமை வேறு எதிலும் கிடையாது. வளைகுடாவில் ஒரு கம்பெனியில் டிரைவர். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்களைப் பாலைவன மணல்மேடுகளில் ஏற்றி இறக்குவதுதான் வேலை. எங்களுக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து அதேதான். ஒருவழியாக எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தவர், வந்த சூட்டோடு மார்த்தாண்டத்தில் ஒரு பழைய ஃபோர் வீல் ஜீப்பை வாங்கினார். குமரி மாவட்டத்துக் கடற்கரை முழுக்க ஓட்டிப் பார்க்கப் போகிறாராம். ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா?

அதற்குள் பழைய கம்பெனியிலிருந்து மறுபடியும் கூப்பிட்டார்கள். “என்ன சொல்லட்டு?” என்று என்னிடம் கேட்டார். “உங்களுக்குத் தோணுகதச் சொல்லுங்க” என்றேன். போகக் கூடாது என்பதுதான் என் மனதில் இருந்தது. ஆனால் எங்கள் பக்கத்தில் வெளிநாடு போகிறவரின் மனைவி அந்த வார்த்தையைச் சொல்வதில்லை. பயணப் பாதுகாப்புக்காக முழங்காலில் நின்று ஜெபிப்பாள், முறுக்கு சுட்டுக் கட்டிக் கொடுப்பாள், கார் தெருமுனை திரும்பிய பிறகு அழுவாள். நானும் அப்படித்தான் இருந்திருக்கிறேன். போதாததற்கு எனக்கு வீம்பு வேறு. கேட்டா ஒரு மனிதரை வீட்டில் இருத்த வேண்டும்? தானாக இருக்கட்டுமே.

அந்தச் சமயம் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து, காலில் மாவுக்கட்டோடு கிடந்தேன். நாலு சுவரைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில், “ஏட்டி, வாறியா, ஒரு சுத்து சுத்திட்டு வருவோம்” என்று கூப்பிட்டதும் கிளம்பிவிட்டேன். ஆராதனைக்குப் போகாமலிருக்கக் கால் நல்ல சாக்காக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மீனவர்கள் கடலுக்குப் போகமாட்டார்கள், வலையும் ஆளும் குறுக்கே இருக்காது, கரை காலியாகக் கிடக்கும் என்பது அவர் கணக்கு.

கரை காலியாகத்தான் கிடந்தது. ஆறு கடலில் சேரும் இடத்தை மணல் மேடு போட்டு அடைத்திருந்தது. இதைத்தான் இங்கே பொழி என்பார்கள். மணலில் புதையாமலிருக்க டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிவிட்டு அதன்மேல் ஓட்டி அக்கரைக்குப் போனோம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மழையில் நிறைந்து நின்ற ஆறு, நடுவில் நீளமாக மணல். அவர் ஸ்டியரிங்கை வளைத்து வளைத்து ஓட்டினார். வெகுநாள் கழித்து நானும் வாய்விட்டுச் சிரித்தேன். மணல் முடிகிற இடத்தில் கடலரிப்பைத் தடுக்கப் பாறாங்கல்லைக் குவித்திருந்தார்கள். அதைத் தாண்டி வண்டி போகாது. பிளாஸ்கில் இருந்த காப்பியைக் குடித்துவிட்டுத் திரும்பினோம்.

திரும்பி வந்தால் பொழி இல்லை. நாங்கள் ஓட்டி வந்த இடத்தில் செம்மண் நிறத்தில் ஆறு கடலுக்குள் பாய்ந்துகொண்டிருந்தது. எதிர்க்கரையில் மண்வெட்டியும் கையுமாக ஒரு கூட்டம். ஆற்றங்கரை வீடுகளுக்குள் தண்ணீர் ஏறிவிட்டதாம். சர்ச்சில் பூசை முடிந்ததும் ஊரே இறங்கிப் பொழியை வெட்டிவிட்டது. வாரத்தில் ஆண்கள் எல்லோரும் கரையில் இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. அன்றைக்கு வெட்டாமல் என்றைக்கு வெட்டுவார்கள்? கடற்கரைக்காரர் யாரைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பார். நாங்கள் கடலை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறவர்கள், கேட்கவில்லை.

“அங்க ஆளு நிக்கது எங்களுக்குத் தெரியாதே” என்று எதிர்க்கரையிலிருந்து ஒருவர் கத்தினார். “வண்டிய இனி பொழி மூடினாத்தான் எடுக்க முடியும். ஆத்து இழுப்பு இத்திரி அடங்கட்டு, வள்ளம் கொண்டு வாறோம்.”

ஜீப்பை மேட்டில் ஏற்றி நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தோம். வெட்டின வாய் அகலமாகிக்கொண்டே வந்தது. மணல் கட்டி கட்டியாக இடிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. இறங்கி ஓட எனக்குக் காலும் இல்லை.

“நான் அந்தக் கல்லுமேல ஏறிப் போயி ஆளக் கூட்டிட்டு வரட்டா?” என்றார்.

“என்னை இஞ்ச ஒத்தைக்கு விட்டுட்டா? போவாண்டாம்.”

அதைச் சொன்னதும் மற்றதும் கூடவே வந்துவிட்டது. “அந்தக் கம்பெனிக்கும் போவாண்டாம். தனியா இருந்து எனக்கு மடுத்துப்போச்சு. இனி என்னால ஏலாது.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியே ஆற்றைப் பார்த்துக்கொண்டு, “நேத்தே சரின்னு சொல்லிட்டேன். பாஸ்போர்ட்டு ஏஜென்ட்டு கையில இருக்கு” என்றார்.

“எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமலா?”

“கேட்டேனே. நீ ஒண்ணும் சொல்லலியே. நான் வீட்டுல இருக்கது உனக்கு இடைஞ்சல்னு நெனச்சேன்.”

வீடாக இருந்தால் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு உள்ளே போயிருப்பேன். இங்கே எங்கே போவது? அவர் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன். அவர் வாங்கிக்கொண்டார். அவர்மேல் வந்ததைவிட என்மேல்தான் எனக்கு அதிக ஆத்திரம். வாயைத் திறக்க ஒரு வாரம் இருந்தது, திறக்கவில்லை. வெயில் ஏற ஏற வண்டிக்குள் புழுங்கியது.

மத்தியானம் தாண்டித்தான் வள்ளம் வந்தது. அவர் என்னை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு முட்டளவுத் தண்ணீரில் இறங்கினார். நான் அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டேன். வள்ளத்துக்குள் இறக்கி உட்கார வைத்த பிறகும் என் கை விடவில்லை. அவர் குனிந்தபடியே தண்ணீரில் நின்றார்.

வள்ளக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “விடுங்கக்கா, அவரும் ஏறட்டு. அண்ணன் உங்கள விட்டுட்டு எங்கயும் போவமாட்டாரு.”

நான் விடவில்லை.