முத்தாயியின் புல்தரை

மலைநாட்டில் பேர்போன கோல்ப் மைதானம் ஒன்றில் பல வருடம் களை பிடுங்கியவள் முத்தாயி. பெரிய போட்டி என்றால் கொழும்பிலிருந்தெல்லாம் ஆட்கள் காரில் வந்து இறங்குவார்கள். எழுபத்தேழாம் ஆண்டு இனக்கலவரத்தில் எல்லாவற்றையும் இழந்து வடக்கே அக்கராயனுக்கு வந்தவள், குடிசை வாசலில் பாய் அகலத்துக்குப் புல் வளர்த்தாள்.

"மாடும் இல்லை, ஏனக்கா புல்லுக்குத் தண்ணி ஊத்துறியள்?" என்று சிரித்தாள் பக்கத்துக் காணித் திலகவதி.

"அங்க பட்டு மாதிரி புல்லு, தங்கச்சி. ஆனா மெம்பருங்க மட்டுந்தான் உக்காரலாம். ஒருநாளாவது காலை நீட்டி உக்காரணும்னு எனக்கு அவ்வளவு ஆசை. இங்க யாரு எழுப்பப் போறாங்க? வா, உக்காரு."

திலகவதி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். உள்ளங்கையால் புல்லைத் தடவிப் பார்த்தாள். அன்று அவள் வீட்டில் உலை வைக்கப் பிந்திவிட்டது.