தம்பியின் வண்டியில் பின்னால் இருந்தவள்

தம்பி இறந்து பதினொரு மாதம் கழித்துத்தான் வழக்கறிஞர் அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டார். குற்றப்பத்திரிகையின் நகலை என் பக்கம் திருப்பி, சாட்சிகள் பட்டியலில் ஒரு பெயரின்மேல் விரலை வைத்தார்.

"வண்டியில பின்னாடி உட்கார்ந்திருந்தது இவங்கதான் மேடம். கண்ணால பார்த்த ஒரே சாட்சி. உங்களுக்குத் தெரிஞ்சவங்களா?"

"பார்த்திருக்கேன்" என்று மட்டும் சொன்னேன்.

பார்த்தது மருத்துவமனையில். தண்ணீர் டேங்கர் ஒன்று இண்டிகேட்டர் போடாமல் இடதுபக்கம் திரும்பித் தம்பியின் வண்டியை இடித்துவிட்டது என்று தகவல் வந்ததும், மல்லேஸ்வரத்திலிருந்து நானும் அம்மாவும் ஆட்டோ பிடித்து ஓடினோம். நாங்கள் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. வராந்தாவில் மணிக்கட்டில் கட்டுடன் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து வந்து, "ஆன்ட்டி" என்றாள். அம்மாவின் கண் அவள் கழுத்திலிருந்த சிலுவையில் நின்றது. இப்படி ஒருத்தி இருப்பதே அதுவரை எங்களுக்குத் தெரியாது.

"உன்னாலதான் அவன் அந்தப் பக்கம் போயிருக்கான். போயிடும்மா இங்கேருந்து" என்றாள் அம்மா.

நான்தான் அவள் முழங்கையைப் பிடித்து லிப்ட் வரை கொண்டுபோய் விட்டேன். மெதுவாகத்தான் பிடித்தேன் என்று எனக்கு நானே பலமுறை சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டபோது அம்மாவுக்கு அதில் நாட்டமே இல்லை. என் தொந்தரவுக்காகக் கையெழுத்துப் போட்டாள். ஆனால் இன்சூரன்ஸ் தரப்பு பதில் மனுவில், வேகமாக வந்து முந்தப் பார்த்ததால் தம்பி மேலும் தப்பு இருக்கிறது என்று எழுதியிருந்தார்கள். அதை வாசித்துக் காட்டிய நாளிலிருந்து அம்மா ஓரிடத்தில் உட்காரவில்லை. சமையலறைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள். "என் பிள்ளை ஒழுங்காத்தான் ஓட்டுவான். அதை மட்டும் மாத்தச் சொல்லு."

அதை மாற்றக்கூடியவள் ஒருத்திதான்.

குற்றப்பத்திரிகையிலிருந்த போன் நம்பர் உபயோகத்தில் இல்லை. பிரேசர் டவுன் விலாசம் இருந்தது. முதல் தடவை கேட் வரை போய்த் திரும்பிவிட்டேன். இரண்டாம் தடவை எதிர்ச் சாரியில் இருந்த பேக்கரியில் ஒரு டீயை ஆறவிட்டு, அந்த வீட்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு பஸ் ஏறினேன். மூன்றாம் தடவை அவளே கதவைத் திறந்தாள்.

"உள்ள வாங்கக்கா."

தம்பி அந்த வீட்டுக்கு வந்திருக்கிறான் என்பது, அவள் அம்மா என் முகத்தில் அவன் சாயலைத் தேடுவதுபோல் உற்றுப் பார்த்ததில் தெரிந்தது. நான் ஒத்திகை பார்த்து வைத்திருந்த மன்னிப்பு வாயில் வரவில்லை. வழக்கைப் பற்றியே உளறினேன்.

"அவர் மேல தப்பில்லைன்னு சொல்லணும், அவ்வளவுதானே? வரேன்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "உங்களுக்காக இல்லக்கா" என்றாள்.

விசாரணை அன்று அம்மாவும் வந்தாள். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. கூண்டில் ஏறிய அந்தப் பெண், டேங்கர் எந்தப் பக்கம் போனது, எப்படித் திரும்பியது, வண்டி எவ்வளவு மெதுவாகப் போனது என்று நிதானமாகச் சொன்னாள். இன்சூரன்ஸ் வக்கீல் எழுந்து, இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு என்று கன்னடத்தில் கேட்டார்.

"மதுவெ ஆகோரித்வி" என்றாள். கல்யாணம் செய்துகொள்ள இருந்தோம். அம்மாவுக்குக் கன்னடம் தாய்மொழி மாதிரி. என் பக்கத்திலிருந்தவள் முதல்முறையாகக் கூண்டை நிமிர்ந்து பார்த்தாள்.

அப்படியானால் அந்தக் குடும்பத்துக்குச் சாதகமாகத்தானே சொல்வீர்கள் என்றார் வக்கீல்.

"அவங்க என்னை ஆஸ்பத்திரியிலேர்ந்து வெளியே அனுப்பிட்டாங்க சார். அவர் முகத்தைக்கூட நான் சரியாப் பார்க்கல. அவங்களுக்குச் சாதகமாப் பேச எனக்கு என்ன இருக்கு?" கன்னடத்தில்தான் சொன்னாள், குரலை உயர்த்தாமல்.

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். நீதிபதி அவள் சொன்னதைப் பதிவு செய்யச் சொன்னார். நாங்கள் செய்த அந்தக் காரியம் எங்களுக்கே சாதகமான சாட்சியாகத் தட்டச்சாகிக்கொண்டிருந்தது. எனக்கு எழுந்து வெளியே ஓடிவிடலாம் போலிருந்தது.

படிக்கட்டருகே அம்மா அவளை நிறுத்தினாள். மன்னிப்புக் கேட்கப் போகிறாள் என்று நினைத்தேன்.

"அன்னிக்கு அவன் சாப்பிட்டானா?"

"இல்ல ஆன்ட்டி. சாப்பிடத்தான் போயிட்டிருந்தோம். அடிபட்ட சிக்னலைத் தாண்டித்தான் ஹோட்டல்."

அந்தப் பெண் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டாள்: "அஸ்தியை எங்கக்கா கரைச்சீங்க?"

"ஸ்ரீரங்கப்பட்டணம். காவேரியில."

தலையாட்டிவிட்டு இறங்கிப் போனாள்.

சில மாதங்களில் தீர்ப்பு வந்தது. தப்பு முழுக்க டேங்கர் ஓட்டுநருடையது என்று எழுதியிருந்தார்கள். அந்தப் பத்தியை மட்டும் அம்மா இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டாள். தொகை எவ்வளவு என்று இன்றுவரை அவள் கேட்கவில்லை, பணம் பாங்கில் அப்படியே கிடக்கிறது. அந்தப் பெண் தந்திருந்த புது நம்பருக்குச் செய்தி அனுப்பினேன். "நல்லதுக்கா. போன ஞாயிறு ஸ்ரீரங்கப்பட்டணம் போயிட்டு வந்தேன்" என்று பதில் வந்தது.

அம்மாவிடம் சொன்னேன். அவள் காய் நறுக்குவதை நிறுத்தினாள்.

"தனியாவா போனா?"

"தெரியலம்மா."

"கேக்க மாட்டியா நீ?" என்று எரிந்து விழுந்தாள். "சொல்லியிருந்தா நானும் போயிருப்பேன்ல."

போனை எடுத்து, அடுத்த தடவை அம்மாவும் வருவாளாம் என்று மூன்று முறை எழுதி அழித்தேன். இன்னும் அனுப்பவில்லை.