பூண்டுப் புகையில் தொங்கிய காட்டுமாடு

முதல் அதிர்ச்சி உடுமலைப்பேட்டையைத் தாண்டியதும் நடந்தது. பின்னால் பார்க்கிற கண்ணாடியில் பார்க்கிறேன், பின் சீட்டில் ஒரு மண்டையோடு உட்கார்ந்து சிப்ஸ் தின்றுகொண்டிருக்கிறது. வண்டி ஒரு தடவை சாலையை விட்டு இறங்கி, மறுபடி ஏறியது. "அண்ணா, பாத்து" என்றது மண்டையோடு.

கொடைக்கானலில் வாடகைக் கார் ஓட்டுகிறவன் நான். அன்று வட்டக்கானலில் தங்கியிருந்த நான்கு கல்லூரிப் பிள்ளைகளைக் கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போய்க்கொண்டிருந்தேன். காலையில் வண்டியில் ஏறும்போது பிள்ளைகளாகத்தான் ஏறினார்கள். பெருமாள்மலையில் திரும்பிப் பழனி இறக்கத்தில் வண்டி இறங்க இறங்க, ஒவ்வொருவராக வேறு ஏதோ ஆகிக்கொண்டு வந்திருக்கிறார்கள். வளைவுகளில் மும்முரமாக இருந்த நான் கவனிக்கவில்லை.

இரண்டாவது அதிர்ச்சி, போய்ச் சேர்ந்த மண்டபத்தின் வாசலில். என் வயதுக்காரர் ஒருவர். என்னைப் போலவே தலையில் முடியில்லை. தொப்பை என்னுடையதைவிட ஒரு சுற்று பெரிது. உடம்பை ஒட்டிய பச்சை உடுப்பு, முதுகில் ஆளுயர வெள்ளிச் சிறகு. சிறகு இருந்ததால் உட்கார முடியாமல், ஒரு காரில் சாய்ந்து நின்றபடி எவர்சில்வர் டப்பாவிலிருந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைப் பிளந்து பார்த்ததைப் பசி என்று நினைத்துவிட்டார் போல. "சாப்பிடுறீங்களா சார்?" என்று டப்பாவை நீட்டினார்.

படக்கதை, சினிமா, விளையாட்டு என்று எதன் மீதாவது பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாரும் வீட்டிலேயே வேஷம் தைத்துப் போட்டுக்கொண்டு வந்து கூடுகிற மாநாடு அது என்று அவர்தான் விளக்கினார். பகலில் அவருக்கு வங்கியில் வேலையாம். ஐந்து மணி நேரம் உள்ளே சுற்றினேன். திரும்பி மலையேறும்போது எனக்கும் அந்த நோய் தொற்றியிருந்தது.

என் வேஷம் எது என்பதில் எனக்கு ஒரு சந்தேகமும் இருக்கவில்லை. எங்கள் தெருவுக்குக் காட்டுமாடு வரும். ஆறடி உயரம், கறுத்த உடம்பு, முழங்காலுக்குக் கீழே வெள்ளைச் சாக்ஸ் போட்ட மாதிரி கால். ஒருநாள் காலை வாயில் பிரஷ்ஷோடு வெளியே வந்தேன், குழாயடியில் அது நிற்கிறது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, நான் என் கார் கூரையின் மேல் இருந்தது. எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியவில்லை. பிறகு பலமுறை முயன்றும் ஏற முடியவில்லை. என் மனைவி வந்து, கதவை அகலமாகத் திறந்து வைத்து, "போ, போ, சோலியப் பாரு" என்றாள். அது போய்விட்டது. அதற்குப் பிறகும் நான் நாற்பது நிமிஷம் இறங்கவில்லை. அதனால், காட்டுமாட்டின் பலம் கொண்ட ஒரு வீரன். பயந்தவனுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் உண்டா?

அட்டைப்பெட்டியை வெட்டி, கறுப்புத் துணி சுற்றி, நானே தைத்தேன். என் மனைவி தையல்காரி. வீட்டின் முன்னறைதான் அவள் கடை. இருபத்திரண்டு வருஷமாகப் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறாள். என் தையலைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்.

"இது என்ன, உருளைக்கிழங்கு மூட்டையா?"

"காட்டுமாடு."

"இதப் பாத்தா அது அழும்."

அன்றோடு என் கையிலிருந்து ஊசி பிடுங்கப்பட்டது. அடுத்த மாநாட்டின் வேஷப் போட்டிக்கான படிவத்தை என்னை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள்.

"தச்சவங்க பேரும் போடுவாங்களா?"

"அதுக்குத் தனிப் பரிசே இருக்கு."

"உள்பக்கம் பாப்பாங்களா?"

"திருப்பிப் பாப்பாங்களாம்."

கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். சீருடையின் உள்பக்கத்தை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கிற ஒரே ஆள் பிள்ளையின் அம்மா. அவரும், அடுத்த வருஷம் பிரித்துவிடத் துணி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பார். எட்டு மாதம், கடை வேலை முடிந்த பிறகு, ஒரு கோட்டு தைத்தாள். கறுப்புத் துணிக்குள் பஞ்சு வைத்து, வரிவரியாக ஓட்டி, தோள் திமிலையும் விலாவையும் தையலாலேயே எழுப்பியிருந்தாள். தையல் முழுக்க அவளுடையது. நான் அந்தக் கோட்டைத் தாங்கும் ஆணி, அவ்வளவுதான்.

ஆனால் ஆணிக்கும் ஆசை இருக்குமே. கோட்டைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது என் நெஞ்சு எனக்குப் போதவில்லை. யோகா செய்கிற ரப்பர் பாய் இரண்டு வாங்கி வெட்டி, செருப்புக் கடைப் பசையால் ஒட்டி, ஒரு நெஞ்சும் ஆறு கட்டு வயிறும் செய்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். கோட்டின் மேல் வெல்க்ரோவால் மாட்டிக்கொள்ளலாம். மனைவி பார்த்தாள். "என் தையல் தெரியலயே" என்றாள். "தூரத்துலேர்ந்து பாத்தா வீரம் தெரியணும்ல" என்றேன். அவள் மெஷினுக்குத் திரும்பிப் போனாள்.

மாநாடு ஞாயிற்றுக்கிழமை. வியாழக்கிழமை அவள் தங்கையின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குப் பாலசமுத்திரம் கிளம்பினாள்.

"கோட்டத் தொடாதீங்க. அதுபாட்டுக்குக் கெடக்கட்டும். நாளைக்கு வெள்ளனே வந்துருவேன்."

அவள் பஸ் ஏறிய பத்தாவது நிமிஷம் தொட்டேன். ரப்பர் நெஞ்சின் பெயின்ட் விரலில் ஒட்டியது. மூன்று நாளாக மழை, அதன் மேல் பனிமூட்டம். எங்கள் வீட்டில் உப்பே அழுதுகொண்டிருந்தது. கோட்டும் ஈரமாக இருந்ததாகத் தோன்றியது. உண்மையில் ஈரமாக இருந்தது என் உள்ளங்கை. ஞாயிற்றுக்கிழமை மேடையில் பெயின்ட் உருகி வழிய நான் நிற்பதும், அவள் எட்டு மாதமும் பாழாவதும் கண்முன் ஓடியது.

மலையில் ஒன்று காயவில்லை என்றால் யாரும் யோசிப்பதில்லை. நேராகப் பூண்டுக் குடிசைக்குத்தான் கொண்டுபோவோம். அறுத்த பூண்டைத் தாளோடு கட்டுக்கட்டாக விட்டத்தில் தொங்கவிட்டு, கீழே விறகைப் புகையவிட்டிருக்கும் குடிசை. அடைமழையில் ஷூ, பள்ளிக்கூடப் பை, ஒருமுறை என் ஆர்.சி. புத்தகம், எல்லாம் அங்கேதான் காய்ந்தன. மேல்மலையில் என் மச்சானுக்கு, அதாவது மனைவியின் அண்ணனுக்கு, அப்படி ஒரு குடிசை உண்டு. கோட்டு, நெஞ்சு, கொம்பு, கால்உறை எல்லாவற்றையும் வண்டியில் போட்டுக்கொண்டு பறந்தேன்.

"என்ன மாப்ள, மாநாட்டுக்குப் போறீங்களாமே. எந்தக் கட்சி?"

"கட்சியில்ல மச்சான். வேஷம் போடுறவங்க கூடுறது."

"நானும் அதத்தான கேட்டேன்."

அவர் கோட்டை வாங்கி ஒரு மூலையில், விதைப்பூண்டுக் கட்டுகளுக்கு அப்பால் மாட்டினார். நெஞ்சை நடுவில் தொங்கவிட்டார். "பொக மட்டும் போதும். தீ ஏறக் கூடாது, வெதப்பூண்டு கெடக்கு. சாயங்காலம் வாங்க" என்று சொல்லிவிட்டுக் கேரட் காட்டுக்குப் போனார்.

சாயங்காலம் வரை பொறுப்பவனா நான்? மத்தியானம் எட்டிப் பார்த்தேன். விரலில் இன்னமும் ஒட்டியது. இப்படிப் புகைந்தால் அடுத்த தைமாசம்தான் காயும் என்று தோன்றியது. வெரசா ஆகட்டும் என்று நல்ல காய்ந்த தைலமரக் கட்டையாகப் பொறுக்கி நாலு சொருகினேன். ஊதியும் விட்டேன். டீ குடிக்கப் போனேன். பஜ்ஜி சூடாக இருந்தது.

திரும்பி வந்தபோது குடிசைக்குள் என் நெஞ்சு இல்லை. அது இருந்த இடத்தில், பொரித்த அப்பளம் மாதிரி ஏதோ ஒன்று தொங்கியது. உற்றுப் பார்த்தால் அதுதான். முன்னும் பின்னும் சுருண்டு, ஒரு கைக்குழந்தைக்குத்தான் பத்தும். ஆறு கட்டு வயிறு ஒரே கட்டாகியிருந்தது. நான் எழுப்பிய சத்தத்தைக் கேட்டு மச்சான் காட்டிலிருந்து மண்வெட்டியோடு ஓடிவந்தார். காட்டுமாடு வந்துவிட்டது என்று நினைத்தாராம்.

"மாப்ள, மாடு சூம்பிப்போச்சே."

"மச்சான், கோட்டு! கோட்டப் பாருங்க!"

"எம் பூண்டப் பாக்குறேன் மொதல்ல."

மூலையில் இருந்ததால் கோட்டு தீயவில்லை. ஆனால் எடுத்து முகர்ந்தால், ஒரு கல்யாணச் சமையல்கட்டு முழுக்க அதற்குள் இருந்தது. வெள்ளைக் கால்உறைகள் டீ நிறமாகியிருந்தன. அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

"கோட்டு எப்படி கெடக்கு?"

"நல்லா... கெடக்கு."

"ஏன் இருமுறீங்க?"

"பனி."

"அண்ணன் சத்தம் கேக்குதே?"

"டிவி."

"டிவில எங்கண்ணனுக்கு என்ன சோலி?"

லைன் சரியில்லை என்று கத்திவிட்டு அணைத்தேன். அங்கே டவர் நாலு கோடும் இருந்தது. மச்சான் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத வேண்டாம்.

இரவெல்லாம் நாலு பொய் தயார் செய்தேன். குரங்கு வந்தது, கரண்ட் கம்பி, பக்கத்து வீடு, கடைசியாக விதி. மறுநாள் காலை அவள் வாசல் படியில் கால் வைத்தாள், மூக்கைச் சுருக்கினாள். நாலு பொய்யும் தப்பி ஓடிவிட்டன. "பூண்டுக் குடிசைல தொங்கவிட்டேன்" என்றேன். கார் கூரையை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

அவள் கத்தவில்லை. கோட்டை எடுத்து முதலில் உள்பக்கத்தைத் திருப்பினாள். ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிக்கொண்டே போனாள். முதுகு, கைக்கூடு, பக்கவாட்டு. எனக்கு அது பத்து நிமிஷமா ஒரு மணி நேரமா என்று தெரியாது. மூச்சு மட்டும் விடவில்லை.

"தையல் ஒண்ணும் விடல" என்றாள். பிறகு சூம்பிய நெஞ்சைக் கையில் எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். அவள் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. அடக்கிக்கொண்டாள்.

"இது வேண்டாம்."

"அப்ப நெஞ்சு?"

"ஒங்களுக்குன்னு ஒண்ணு இருக்குல்ல? அதோட வாங்க."

"வயிறு தெரியும்."

"மாட்டுக்கு வயிறு இருக்காதா?"

ரப்பர் இல்லாமல் போட்டுப் பார்த்தால், நெஞ்சில் கோட்டு லொடலொட என்று இருந்தது, வயிற்றில் பட்டன் எட்டவில்லை. எட்டு மாதத்தில் நான் வளர்ந்திருக்கிறேன். எனக்கு மறுபடி வியர்த்தது. அவளுக்கு இல்லை. பக்கத் தையலைப் பிரித்தாள். உள்ளே, மடித்து, ஒழுங்காக, நாலு அங்குலத் துணி காத்திருந்தது; பாதியை விட்டாள், பாதி உள்ளேயே இருந்தது. "ஸ்கூல் பிள்ளைகளுக்கு விடுறதுதான். வளந்துட்டே இருக்குற ஆளுன்னு தெரியாதா எனக்கு" என்றாள். டீ நிறக் கால்உறையை வெளுக்கட்டுமா என்று கேட்டதற்கு, "எந்தக் காட்டுமாடு சலவை பண்ணிட்டு வருது?" என்றாள். பூண்டு வாசனைக்கு மட்டும் அவளிடமும் மருந்து இல்லை. இரண்டு நாள் கொடியில் தொங்கியும் அது போகவில்லை. தெருப்பூனைகள் எங்கள் வாசலை விட்டுச் சுற்றிப் போயின.

ஞாயிற்றுக்கிழமை. அவள் வாழ்நாளில் முதல் மாநாடு. கோயம்புத்தூர் வெயிலில், கொம்போடு, பூண்டு மணக்க, சொந்த வயிற்றோடு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் மெதுவாக ஓரடி தள்ளி நின்றார்கள். அவள் மட்டும் பக்கத்தில், கல்யாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலையில், ஊசி நூல் வைத்த பர்ஸோடு. பர்ஸைத் திறந்து ஊசி இருக்கிறதா என்று பார்ப்பாள், மூடுவாள், மறுபடி திறப்பாள். அதைப் பார்த்ததும் என் பயம் இரட்டிப்பானது.

நடுவர் ஒரு அம்மா. எங்கள் வயதுதான். கழுத்தில் கண்ணாடி, தோளில் அளவு நாடா. கிட்டே வந்து நின்றார். முகர்ந்தார்.

"என்ன வாசனை இது?"

"அது வந்துங்க மேடம்," நான் ஆரம்பித்தேன், "காட்டுக்குள்ள இருக்குற ஒரு வீரனோட..."

"பூண்டுப் பொகைங்க," என்றாள் என் மனைவி. "இவரு காயப்போடுறேன்னு கொண்டுபோயித் தொங்கவிட்டுட்டாரு."

வரிசையே சிரித்தது. அந்த அம்மா சிரிக்கவில்லை. அவர் கண் அதற்குள் தோள் திமிலுக்குப் போயிருந்தது. ஒரு விரலால் அழுத்திப் பார்த்தார். "குனிங்க" என்றார். குனிந்தேன். கோட்டின் கீழ்விளிம்பைப் பிடித்து, ஒரே தூக்கில் உள்பக்கத்தைத் திருப்பி என் தலைக்கு மேலே போட்டார். விளிம்பு கொம்பில் மாட்டிக்கொண்டது. அவ்வளவுதான், எனக்கு உலகம் இருண்டுவிட்டது. கடைசி அதிர்ச்சி அப்போதுதான் உறைத்தது. கீழே பனியன் மட்டும், அதில் விலாப்பக்கம் ஓட்டை. இத்தனை வருஷம் தையல்காரி வீட்டில் இருந்தும் நான் தைக்கக் கொடுக்காத ஓட்டை. கோயம்புத்தூர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

உருவிக்கொண்டு ஓடத்தான் நினைத்தேன். அப்போது அந்த அம்மாவின் குரல்.

"இந்த ரெண்டு அங்குலம் எதுக்கு விட்டீங்க?"

ஒன்று, இரண்டு, மூன்று எண்ணினேன். இவள் பேசமாட்டாள், இருபத்திரண்டு வருஷத்தில் இவளை யாரும் இப்படிக் கேட்டதில்லை, இவளுக்குப் பேச வராது என்று இருட்டுக்குள் எனக்கு அடித்துக்கொண்டது. பிறகு கேட்டது. முதலில் மெல்ல. பிள்ளைகள் ஜூனில் ஒரு அளவு, ஜனவரியில் ஒரு அளவு என்றாள். பிரித்தாலும் பழைய தையல் தடம் தெரியாமல் இருக்க ஊசியை எப்படிச் சாய்த்துப் போட வேண்டும் என்றாள். "காட்டுங்க" என்றார் அந்த அம்மா. பர்ஸ் திறக்கிற சத்தம். என் விலாவுக்குப் பக்கத்தில் இரண்டு பேர் விரல்களும் நகர்ந்தன. "இல்லங்க, இப்படி. நூல இழுக்காதீங்க, விட்டுப் பிடிங்க." நடுவரையே அதட்டினாள். ஒரு வருஷத்தில் வீட்டில் பேசுகிற பேச்சை அங்கே நின்று பேசினாள்.

தைத்தவர்களுக்கான பரிசு பிற்பாடு அந்த வெள்ளிச் சிறகுக்காரருக்குப் போனது. சிறகு அவரே தைத்ததாம். அதெல்லாம் பிறகு.

அந்த நேரம் எனக்கு வேறு சிக்கல். கோட்டுக்குள் இருந்த புகை முழுவதும் என் மூக்குக்கு நேராக இருந்தது. இருமல் நெஞ்சில் ஏறி, தொண்டையில் வந்து நின்றது. இருமினால் உடம்பு குலுங்கும், தையல் அசையும், பேச்சு அறுபடும். கண்ணில் தண்ணீர் கொட்ட, கொம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஓட்டைப் பனியனோடு நின்றேன். அவள் சொல்லி முடிக்கும்வரை இருமவில்லை.