கம்பத்தில் பச்சைச் சாயம்

வெர்னா குபிசெக்குக்கு மனிதர்களின் முகம் தெரியாமல் போய் நான்கு வருடமாகிறது. நடுப்பார்வை போய்விட்டது; ஓரப்பார்வைதான் மிச்சம். நெப்ராஸ்காவின் அந்தச் சிற்றூரில் இது ஒருவருக்கும் தெரியாது. குரலை வைத்து ஆளைக் கண்டுபிடித்து, முந்திக்கொண்டு நலம் விசாரித்துவிடுவாள். கெட்டிக்காரி.

கணவன் ரே இறந்த பிறகு அறுநூறு ஏக்கர் மக்காச்சோளத்தை ஒற்றை ஆளாக விதைக்கிறாள் என்று ஊரே மெச்சியது. விதைத்தது டிராக்டர். செயற்கைக்கோள்களைக் கேட்டுக் கேட்டு அதுவே நூல் பிடித்தாற்போல் ஓடும், அதுவே திரும்பும். வயலுக்குள் நிற்கும் மின்கம்பம் நெருங்கினால் மணியடிக்கும். அந்த இருக்கையை விட்டு இறங்கினால் தனக்கு வேறு வாழ்க்கை இல்லை என்று அவள் நினைத்தாள். வண்டி ஓட்டக் கூடாது என்று டாக்டர் சொன்னதை மகளிடம்கூடச் சொல்லவில்லை.

மே மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சூரியனில் புயல் அடித்தது. வானம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் செயற்கைக்கோள்களின் குரல் குழம்பி, டிராக்டருக்குத் தான் எங்கே இருக்கிறோம் என்பதே மறந்துபோய், சாலையோர வயலின் நடுவில் நின்றுவிட்டது. பக்கத்து நிலத்து டுவேன் போனில் கூப்பிட்டான்.

"எல்லார் வண்டியும் படுத்துடுச்சு வெர்னா. ஞாயித்துக்கிழமைலேர்ந்து ஒரு வாரம் மழையாம். நாங்கல்லாம் கையாலயே ஓட்டப் போறோம். நீ?"

"நான் மட்டும் என்ன, வேடிக்கை பாப்பேனா?" என்றாள்.

வேறென்ன சொல்வாள்? அவள் மட்டும் நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். சக்கரத்தின் பக்கத்து மண்ணை ஓரக்கண்ணால் பார்த்தபடி, இருட்டும் வரை ஓட்டினாள். ஒருமுறை ஏதோ உரசியது. கல்லாக இருக்கும் என்று தன்னைத்தானே ஏமாற்றிக்கொண்டாள்.

ஜூனில் பயிர் தலைகாட்டியது. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் காரை மெல்ல ஊர விட்டு, யார் வரிசை நேர், யார் வரிசை கோணல் என்று பார்ப்பது அந்த ஊர் வழக்கம். அந்த வருடம் எல்லார் வயலும் கோணல். "சூரியனுக்குப் போதை, நமக்குக் கெட்ட பேரு" என்று சிரித்தார்கள். வெர்னாவும் சேர்ந்து சிரித்தாள். தப்பித்தோம் என்று இருந்தது.

மறுநாள் காலை டுவேன் வந்தான். காப்பி வேண்டாம் என்றுவிட்டான்.

"உன் வயல்ல கம்பத்தைப் பாத்தேன். உன் வண்டியோட பச்சைச் சாயம் அதுல இருக்கு."

"அன்னிக்கு யாருக்குத்தான் நேரா போச்சு?"

"கோணலாப் போனது சூரியனால, சரி. கம்பம் எங்கயும் போகலையே வெர்னா. அங்கயேதான நின்னுச்சு."

வெர்னா தன் காப்பிக் கோப்பையை மேசைமேல் வைத்தாள்.

"நேத்து பூசைக்கு நீயேதான பிக்கப் வண்டியை ஓட்டிட்டு வந்த? கோயில் வாசல்ல என் பேத்தி நின்னுட்டிருந்தா. மஞ்சள் கவுன் போட்டுட்டு. பாத்தியா?"

மஞ்சளாக எதையும் வெர்னா பார்க்கவில்லை. நான்கு வருடமாகத் தன் இருக்கையை மட்டுமே நினைத்தவளுக்கு, வண்டிக்கு முன்னால் யார் நின்றிருப்பார்கள் என்று இப்போதுதான் தோன்றியது.

எழுந்து ஆணியிலிருந்து பிக்கப்பின் சாவியை எடுத்தாள். டிராக்டரின் சாவியையும் எடுத்தாள். அவன் குரல் வந்த பக்கம் இரண்டையும் நீட்டினாள். வாங்க நீட்டிய டுவேனின் கை வேறு பக்கம் இருந்தது.