சில்வர் சாயத்துக்கு அடியில் அம்மா பெயர்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஆறு பிள்ளைகளை வளர்த்தேன். ஐந்து நான் பெற்றது, ஒன்று என் தங்கை விட்டுப்போனது. ஆறு பேரும் சோற்றுக்குக் குறையில்லாமல் வளர்ந்தார்கள். பள்ளிக்கூடத்தில் நான் மூன்று வருடம்தான் இருந்தேன். அதனால் மெதுவாகத்தான் எழுதுவேன். அவசரம் ஒன்றும் இல்லை.

மலேசியாவில் கோலசிலாங்கூர் பக்கம் எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஒரு மாதா கோயில் இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்து ஆட்களே கட்டியது. வாசல் சுவரில் ஒரு வெண்கலப் பலகை. மேலே சிலுவை, கீழே கட்டியவர்களின் பெயர்கள் தமிழில், கடைசி வரியில் என் அம்மா பெயர். பெண் பெயர் அது ஒன்றுதான். என்னை வயிற்றில் வைத்துக்கொண்டு ஆற்று மணல் சுமந்தவள். சின்ன வயதில் என்னைத் தூக்கி, என் விரலை அந்த வரியில் வைத்து, "இதுதான் நான்" என்பாள். பூசை முடிந்தால் அதைத் தானும் ஒரு தடவை தொட்டுவிட்டுத்தான் லயத்து வீட்டுக்குத் திரும்புவாள்.

அதை மூடியது நான்தான். அம்மா இறந்த மறுவருடம் கிறிஸ்துமஸுக்குக் கோயில் துப்புரவு என் பொறுப்பானது. பலகை கறுத்துக் கிடந்தது. ரப்பர் பால் ஏற்றும் லோரித் தொட்டிக்கு அடித்த சில்வர் சாயம் மிச்சம் இருந்தது. அடித்தேன். பிறகு வருடா வருடம் அடித்தேன். பளபளவென்று இருந்ததில் எனக்குப் பெருமை வேறு. எழுத்துகள் அடைந்துபோனதைக் காலம் கடந்துதான் கவனித்தேன்.

தோட்டத்தை முதலாளி விற்றதும் கோயிலை இடித்து அங்கே வீடுகள் கட்டினார்கள். எங்களில் பாதிப்பேர் செரண்டாவுக்கு வந்தோம். அங்கே புதுக் கோயில் எழும்பியதும் பழைய பலகையை மாட்டுவதா வேண்டாமா என்று பேச்சு வந்தது. கோயில் செயலாளர் என் நாத்தனார் மகன். அம்மா பெயர் அதில் இருக்கிறது என்று அவனிடம் சொன்னேன்.

"அத்தை, அம்பது வருஷமா இதையேதான் சொல்றீங்க. யாரு பார்த்தது? எழுத்து தெரிஞ்சா மாட்டுவோம் லா. தெரியலன்னா புதுக் கோயில் பேர்க்கல்லு மட்டும்தான்."

என் இரண்டாவது மகளுக்கு ரவாங்கில் பழைய பலகைகளைப் புதுப்பிக்கும் பட்டறையில் வேலை. பலகையோடு நானும் போனேன், ஒரு டப்பாவில் புளியும் சாம்பலும் எடுத்துக்கொண்டு. அவள் டப்பாவைத் திறந்து பார்த்துச் சிரித்தாள்.

"அம்மா, இது உங்க குண்டான் இல்ல. இதப் போட்டுத் தேய்ச்சா எழுத்தும் சேர்ந்து போயிரும். கைய மடியில வச்சுக்கிட்டு உட்காருங்க."

உட்கார்ந்தேன். சாயம் கழற்றும் பசையைப் பூசி, பிளாஸ்டிக் போட்டு மூடினாள். கொஞ்ச நேரத்தில் சாயம் பாலாடை மாதிரி சுருங்கி எழும்பியது. மூங்கில் சிம்பால் வழித்தாள். இரும்பு பட்டால் கீறிவிடுமாம். சுருள் சுருளாக வந்தது. எல்லாம் நான் அடித்த கிறிஸ்துமஸ்கள். சிலுவை வந்தது. முதல் பெயர் வந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. நாற்காலியை இழுத்து இழுத்து அவள் முழங்கையிலேயே போய் இடித்துவிட்டேன்.

கடைசி வரி மட்டும் வரவில்லை. சாயம் போன பிறகும் அந்த இடம் வழுவழுவென்று கிடந்தது. மகள் விளக்கைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பிடித்துப் பார்த்தாள்.

"இருக்கும்மா. யாரோ தொட்டுத் தொட்டே தேய்ச்சிருக்காங்க."

யார் என்று எனக்குத் தெரியாதா?

அந்த வரியில் அவள் மெருகு போடும் மெஷினை வைக்கவில்லை. பலகை முழுக்க மருந்து தடவிக் கறுப்பேற்றிவிட்டு, எழுத்துகளின் தலையை மட்டும் மெல்லிய உப்புத்தாளால் கையாலேயே தேய்த்தாள். கறுப்பிலிருந்து ஒவ்வொரு எழுத்தாகப் பொன் நிறத்தில் எழுந்தது. நானே எழுத்துக்கூட்டி வாசித்தேன், சத்தமாக. பட்டறையே திரும்பிப் பார்த்தது. கடைசியில் சூடு காட்டி மெழுகு பூசி என் கையில் கொடுத்தாள். பாரம் தாங்கவில்லை, ஆனாலும் கீழே வைக்க மனமில்லை.

ஞாயிற்றுக்கிழமை செயலாளர் குனிந்து பார்த்தான். விரலை வைத்துக் கடைசி வரியை வாசித்தான்.

"அத்தை, வாசல்ல உங்க கைக்கு எட்டுற உயரத்துல மாட்டுறோம். ஆனா இனிமே சாயம் அடிக்கிற வேலை உங்களுக்குக் கிடையாது லா."

ஒப்புக்கொண்டேன்.

அம்மா பெயரை நான் இதில் எழுதவில்லை. வேண்டுமென்பவர்கள் வந்து பலகையில் பார்க்கட்டும். பேத்தியைக் கூப்பிட்டிருக்கிறேன். "வா தாயி, எழுதினத முதல்லருந்து வாசிச்சுக் காட்டு. மெதுவா வாசி. சாயம் கழர்ற எடத்த மட்டும் ரெண்டு தடவ வாசி."