பெரிய கிராணிக்கு வைத்த சிலுவை

நான் செய்த மிகப் பெரிய அநியாயம் ஒரே ஒரு வாக்கியம். ஒரு சாவு வீட்டில், புருஷனைப் பறிகொடுத்த பெண் எல்லோர் முன்னும் ஓர் உண்மையைச் சொன்னாள். அது உண்மை என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். நான் சொன்னேன்: "துக்கத்துல ஏதோ பேசுறாங்க, விடுங்க."

போன வாரம் ஈப்போவில் எங்கள் பக்கம் மின்சாரம் போய்விட்டது. மருமகள் கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி, மேலே தேங்காய் எண்ணெய் விட்டு, திரியை மிதக்கவிட்டு ஏற்றினாள். அந்த எண்ணெய் வாசனை ஏறியதும் நான் எழுந்து வெளியே போய்விட்டேன். தன்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டாள். அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகளில் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் சின்னக் கிராணி நான். சீனியர் கேம்பிரிட்ஜ் தேறியவன் என்ற மிடுக்கில், கம்பளிச் சட்டைக்குள் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்குப் போவேன். அந்த டையை என்னைத் தவிர யாரும் பார்த்ததில்லை. பெரிய கிராணி ஏலியா ஐயா கொச்சிக்காரர். மனைவி பெயர் சாரா. தோட்டத்துக் கிராணிகளில் மலையாளிகள் அப்போது நிறைய. பெயரை வைத்து எல்லோரும் அவர்களைக் கிறிஸ்தவர்களாகவே எடுத்துக்கொண்டார்கள். பாதிரியார் வராத நாட்களில் தோட்டத்து மாதா கோயிலில் ஜெபம் சொல்லும் உபதேசியார் சவரிமுத்து, கிறிஸ்துமசுக்கு முதல் கேக்கை அந்த வீட்டுக்குத்தான் கொண்டுபோவார். ஐயா சிரித்தபடி வாங்கிக்கொள்வார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் வீட்டு முன்னறையில் இப்படித்தான் கண்ணாடிக் கிண்ணத்தில் விளக்கு எரியும், உத்தரத்திலிருந்து சங்கிலியில் தொங்கியபடி. தொழிலாளர் லயத்துப் பெண்கள், "கிறிஸ்தவங்கன்னாலும் வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கிறாங்க பாரு" என்று மெச்சிக்கொள்வார்கள். சாரா அம்மா கழுத்தில் தாலி வேறு இருந்தது. பிறகென்ன?

எனக்குச் சந்தேகம் வந்தது கோழியால். தானா ராத்தா டவுனில் மொய்தீன் பாய் கடையில் மட்டும்தான் ஐயா இறைச்சி சாப்பிடுவார். சாப்பிட்ட பிறகு பால் விட்ட தேநீரைத் தொடமாட்டார்; கறுப்புக் கோப்பிதான்.

"என்ன கிராணி, தேயிலைத் தோட்டத்துச் சோறு தின்னுட்டு கோப்பி-ஓ கேக்குறீங்க? துரைக்குத் தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாரு லா!" என்பார் பாய்.

"நீ கோழியை நல்லா அறுக்குற. அதோட நிறுத்திக்கோ, தேத்தண்ணி உனக்கு வராது" என்பார் ஐயா.

ஒருநாள் திரும்பி வரும் வழியில் நேராகவே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை.

"நாங்க யூதருங்க, தம்பி. கறியோட பால் சேக்க மாட்டோம். பாய் அறுக்கிற முறை எங்க முறைக்குக் கிட்டத்துல வரும், அதான் அங்க சாப்பிடுறேன்."

"அம்மா தாலி போட்டிருக்காங்களே?"

"கொச்சியில எங்க ஆளுங்க கட்டுவாங்க. எங்க ஜெபப் பள்ளிக்குள்ள செருப்போடயும் போகமாட்டோம். பொம்பளைங்க வேதத்துக் கதையை மலையாளத்துலதான் பாடுவாங்க. எது எங்களோடது, எது பக்கத்து வீட்டுதுன்னு இப்பப் பிரிச்சா எல்லாம் சேந்து கிழிஞ்சிடும்."

கொச்சியில் அவர்களை யாரும் எதுவும் சொன்னதில்லையாம். சொந்தக்காரர்கள் இஸ்ரேலுக்குக் கப்பலேறியபோது, அவர் வேலை தேடி இங்கே வந்துவிட்டார். இங்கே அந்தப் பெயரைச் சொல்லிக்கொள்ளத் தோதுப்படவில்லை. மத்திய கிழக்கில் சண்டை மூண்டு, பத்திரிகையில் தினமும் அந்தச் சொல் வசைபோல வந்துகொண்டிருந்த காலம். "கேட்டா சொல்லுவேன். யாரும் கேக்கல" என்றார். பிறகு நெஞ்சுவலி வரத் தொடங்கியதும் ஒருநாள் ஆபீசில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பினாங்குல எங்க ஆளுங்களைப் புதைக்கத் தனி மண்ணு இருக்கு. நான் போயிட்டா என்னை அங்க கொண்டுபோயிடு. சாராவால தனியாப் பேசி ஜெயிக்க முடியாது."

சரி என்றேன்.

ஒரு காலை ஐயா ஆபீஸ் நாற்காலியிலேயே போய்விட்டார். மத்தியானத்துக்குள் தோட்டத்துத் தச்சர் பெட்டி செய்து, மூடியில் சிலுவை அடித்துக் கொண்டுவந்துவிட்டார். சவரிமுத்து கண் சிவக்க அழுதுகொண்டு ஜெபப் புத்தகத்தோடு நின்றார். தோட்டத்து மேனேஜர் துரையும் வந்திருந்தார். அப்போதுதான் சாரா அம்மா பெட்டியின் குறுக்கே கையை நீட்டினார்.

"ஞங்கள் கிறிஸ்தியானி அல்ல மோனே. குரிசு வேண்டா." கிறிஸ்தவர் அல்ல, சிலுவை வேண்டாம் என்று தன் மலையாளத்தில் சொன்னார்.

"அம்மா என்ன சொல்றாங்க, கிராணியாரே?" என்று சவரிமுத்து என் பக்கம் திரும்பினார்.

சாரா அம்மாவும் என்னைப் பார்த்தார். நான் என்ன சொன்னேன் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஏன் சொன்னேன்? தெரிந்தும் மறைத்தாயா என்று துரை கேட்பாரோ என்ற பயம் ஒன்று. ஆனால் பயம் மட்டும் என்று சொன்னால் அது இன்னொரு பொய். பெரிய கிராணி வேலை எனக்கு வர வேண்டும். அதோடு வரும் மேட்டு வீடு வேண்டும். என் மனைவி அப்போது மாசமாக இருந்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் வருஷம் பூராவும் ஈரம். துரை பக்கத்தில் நிற்கையில் வம்பை இழுத்துப்போட எனக்கு மனமில்லை.

சாரா அம்மா ரவிக்கையின் கழுத்தைப் பிடித்துக் கிழித்துக்கொண்டார். அது அவர்கள் துக்க முறை என்று பின்னால்தான் தெரிந்தது. பெண்கள் புத்தி பேதலித்துவிட்டது என்று கையைப் பிடித்துக்கொண்டார்கள். என் பொய்க்கு அவருடைய துக்கமே சாட்சியாகிப் போனது. மாதா கோயில் சரிவில் ஐயாவைப் புதைத்து மரச்சிலுவை நட்டார்கள்.

வேலையும் வீடும் கிடைத்தன. வாசல் நிலையில் சாய்வாக இரண்டு ஆணித் துளைகள் இருந்தன. அவர்கள் வேத வசனத்தை வைத்து மாட்டியிருந்த சிறு குழலை அம்மா கழற்றிக்கொண்டு போயிருந்தார். துளைகளை அடைத்துச் சாயம் பூசினேன். என் மகன் அந்த வீட்டில்தான் பிறந்தான். எத்தனை முறை சாயம் பூசியும் உள்ளே நுழையும்போது கண் அங்கேதான் போகும்.

எண்பதுகளின் தொடக்கத்தில், பொறுக்க முடியாமல் பினாங்குக்குப் போய் சாரா அம்மாவைத் தேடிக் கண்டுபிடித்தேன். ஒரு யூதக் குடும்பத்தின் பின்னறையில் இருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது.

"இவங்க பாக்தாத்திலேருந்து வந்தவங்க. நல்லவங்க. ஆனா என் தாலியைப் பாத்து, என் பாட்டைக் கேட்டு, நீ எங்க சாதியான்னு கேக்குறாங்க. அங்க நான் கிறிஸ்தியானி, இங்க மலையாளத்தி" என்று சிரித்தார்.

மன்னிப்புக் கேட்டேன். சிரிப்பு நின்றது.

"எனக்குச் செஞ்சதை நான் மன்னிக்கலாம். அவருக்குச் செஞ்சதை நான் எப்படி மன்னிக்க? செத்தவங்கிட்ட மன்னிப்புக் கேக்க எங்களுக்கு முறை இருக்கு. பத்து ஆம்பளைங்களைக் குழிக்குக் கூட்டிட்டுப் போய், அவங்க முன்னால செஞ்ச தப்பை வாய்விட்டுச் சொல்லணும்."

"பத்து யூதருக்கு எங்கே போவேன் அம்மா?"

"இங்கயே பத்துப் பேர் சேர மாட்டேங்குறாங்க. அவரு யாரோட வாழ்ந்தாரோ அவங்களையே கூட்டிட்டுப் போ. பூ வேண்டா. ஆளுக்கு ஒரு கல் வைங்க."

சவரிமுத்து, மொய்தீன் பாய், மாரியம்மன் கோயில் பூசாரி, தச்சர், லாரி டிரைவர் என்று பத்துப் பேரைச் சேர்த்தேன். எதற்கென்று சொல்லவில்லை. குழி முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னேன்.

பாய்தான் முதலில் பேசினார். "எனக்கு அப்பவே தெரியும். அந்த மனுசன் சொல்லல, நான் கேக்கல. நீ படிச்ச ஆளு, உனக்கு வாய் இருந்துச்சே!"

சவரிமுத்து என் சட்டையைப் பிடித்துவிட்டார். "ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே வேன்ல ஏறிப் பினாங்கு வந்திருப்பேனே லா! அழுதுக்கிட்டு நின்ன அம்மாவைத் தள்ளிட்டு ஜெபம் சொல்ல வச்சிட்டியேடா, பாவி!"

பிறகு அவரே மண்டியிட்டு, சிலுவையை ஆட்டி ஆட்டிப் பிடுங்கி, கழுவி, கோயிலுக்குள் எடுத்துப்போனார். ஆளுக்கொரு கல் வைத்தோம். சவரிமுத்து என்னோடு அதற்குப் பிறகு பேசியதில்லை.

பெயர் எழுதிய கல் ஒன்று நட வேண்டும், அவர்கள் எழுத்தில். அடுத்த முறை பினாங்கு போகும்போது அம்மாவிடம் கேட்டு வாங்கலாம் என்று தள்ளிப்போட்டேன். அந்த அடுத்த முறைக்குள் அம்மா போய்விட்டார். அவருக்குப் பினாங்கில் அந்த மண் கிடைத்தது. எனக்கு வேறு தோட்டத்துக்கு மாற்றல் வந்து மலையிறங்கினேன். சவரிமுத்துவும் பிள்ளைகளோடு கிள்ளானுக்குப் போய்விட்டாராம்.

எண்பதுகளின் கடைசியில் ஒரு பள்ளி விடுமுறையில் மேலே போனேன். மாதா கோயில் இல்லை. சரிவைக் காய்கறித் தோட்டத்துக்கு விட்டிருந்தார்கள். மலையை மட்டமாக வெட்டி, பிளாஸ்டிக் கூரை போட்டு, தக்காளி நட்டிருந்தார்கள். வேலையாள் ஒருவரிடம் குழிகளைப் பற்றி விசாரித்தேன்.

"சிலுவை இருந்த குழியெல்லாம் ஃபாதர் வந்து தோண்டி எடுத்து, ஜெபம் சொல்லி டவுனுக்குக் கொண்டுபோயிட்டாரு அங்கிள். ஒண்ணையும் விடல."

"சிலுவை இல்லாத குழி ஒண்ணு இருந்துச்சே. மேலே கல்லு வச்சு..."

"ஆமாம், ஒரு எடத்துல கல்லுங்க கெடந்துச்சு. குழின்னு யாரும் சொல்லல லா. வண்டி விட்டுத் தள்ளிட்டோம்."

மண் எந்தப் பக்கம் போனது என்று கேட்டேன். அவர் கீழே ஆற்றைக் காட்டினார்.